சுவைக் கரண்டியும் ஏழு வண்டி ஏடுகளும்

ஆவணி பதினொன்று, செவ்வாய்க்கிழமை. இன்று செய்த பிழை: "உனக்கு ஏடுகள் வாசிக்கப் பிடிக்குமா?" என்று மன்னர் கேட்டார். எதற்குக் கேட்கிறார் என்று யோசிக்காமல், "மிகவும் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

முன்னொரு காலத்தில், பெயர் சொல்ல அவசியமில்லாத ஒரு நாட்டில், இப்படி ஓலையில் குறித்து வைத்தவன் உய்யவந்தான். அரண்மனை விகடகவி. சபையைச் சிரிக்க வைப்பது அவன் தொழில். ஆனால் தன்மேல் அவனுக்கு நம்பிக்கை குறைவு. அன்றன்றைக்குச் சொன்ன வேடிக்கைகளுக்கு யார் சிரித்தார்கள், யார் வெறுமனே இருமினார்கள் என்று வரிசையாக நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் படுப்பான்.

நடந்தது இதுதான். போன மாதம் வந்த அண்டை நாட்டுத் தூதர், "எங்கள் அரண்மனை ரசம் என்றைக்கும் ஒரே சுவையில் இருக்கும்" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டுப் போனார். அது மன்னருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அவர் வீட்டு ரசம் ஒரு நாள் கரிக்கும், ஒரு நாள் புளிக்கும், ஒரு நாள் வெந்நீராக இருக்கும். ஒரு வேலையைப் பிசகாமல் செய்வது எப்படி என்று எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறார்களோ, அத்தனை ஏடுகளையும் கொண்டுவரச் சொன்னார். அந்தச் செவ்வாயன்று ஏழு வண்டிகள் வந்து நின்றன.

கொண்டுவந்தவர் அமைச்சர் மழவராயர். தாம் பேசும்போது கொட்டாவி விடும் மன்னர், உய்யவந்தான் வாயைத் திறந்ததும் நிமிர்ந்து உட்காருவதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அரசே, இவற்றுள் மடைப்பள்ளிக்குப் பயன்படும் ஏடு எது என்று கண்டறிய, வாசிப்பில் பிரியமுள்ள நம் விகடகவியே தக்கவர். பௌர்ணமி விருந்துக்கு அண்டை நாட்டரசர் வருகிறார். அதற்குள் ஏட்டைக் கண்டுபிடித்து ரசத்தையும் சீராக்கட்டும். இயலாவிட்டால் அவருக்கு இந்நாட்டில் என்ன வேலை?" என்றார்.

"நியாயம்தான். தவறினால் எல்லையைத் தாண்டிவிடு, உய்யவந்தான்" என்றார் மன்னர்.

மழவராயர் அத்துடன் விடவில்லை. "மற்றொரு விண்ணப்பம். அரைகுறையாகப் படித்தவர் சமையலில் கை வைத்தால் விபரீதமாகும். ஏழு வண்டியையும் படித்து முடிக்காத எவரும் சுவைக் கரண்டியைத் தொடலாகாது என்று ஆணையிட வேண்டுகிறேன்."

மன்னர் முத்திரை குத்திக் கொடுத்தார். பௌர்ணமிக்கு இருந்தது பத்தே நாள்.

உய்யவந்தான் ஒழுங்காகத்தான் தொடங்கினான். முதல் நாள் ஏடுகளைப் பெரிது சிறிது என்று அடுக்கினான். இரண்டாம் நாள், பொருள்வாரியாக அடுக்கியிருக்க வேண்டுமோ என்று சந்தேகப்பட்டு எல்லாவற்றையும் கலைத்தான். மூன்றாம் நாள் படிக்க உட்கார்ந்தான். ஓர் ஏடு, நல்ல வேலை என்பது நன்றாகச் செய்யப்பட்ட வேலையே என்பதைக் கட்டுக் கட்டாக நிறுவியது. இன்னொன்று, வேலைக்கு முன் ஒரு குழுவைக் கூட்டச் சொன்னது. அந்தக் குழுவைத் தேர்ந்தெடுக்க வேறொரு குழு. மூன்றாவது அருமையாக இருந்தது. ஆனால், "ஆகவே செய்ய வேண்டியது யாதெனில்" என்ற இடத்தில் கறையான் அரித்திருந்தது. தனக்குத்தான் புரியவில்லை என்று நினைத்து மறுபடியும் படித்தான். மறுபடியும் அதே கறையான்.

ஐந்தாம் நாள் பசி தாங்காமல் மடைப்பள்ளிக்குப் போனான். சமையற்காரன் சேந்தன் அவனைப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன சாமி, மூஞ்சி ஆறிப்போன களி மாதிரி இருக்கு? ஒரு வாய் ரசம் குடிக்கிறீங்களா?"

"குடுப்பா. நாடு விட்டுப் போறவனுக்குக் குடுத்தா புண்ணியம்."

குடித்த உய்யவந்தான் வியந்தான். "நல்லாத்தானே இருக்கு!"

"சுமார்தான் சாமி. பெருமைக்குச் சொல்லல. ஆனா தினமும் இதே சுமார்தான். ராஜாவுக்கும் இதே கைப்பக்குவந்தான். அவருக்குப் போறத மட்டும் நாங்க வாயில வைக்கக் கூடாதில்ல, வாசனை பாத்தே எறக்கிடுவேன்."

"அப்புறம் ராஜாவுக்கு மட்டும் ஏன் கரிக்குது?"

"செத்த ஓரமா நில்லுங்க. இப்ப வருவாங்க."

வந்தார்கள், சுவை அதிகாரிகள் நால்வர். மன்னர் முகம் சுளிக்கும்போதெல்லாம் மழவராயர் ஒருவரை நியமித்துச் சேர்ந்த கூட்டம் அது. முதலாமவர் சுவைக் கரண்டியால் ருசி பார்த்துவிட்டு ஒரு கை உப்பு போட்டார். இரண்டாமவர், "உப்பு தூக்கல்" என்று ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினார். மூன்றாமவர் புளியைக் கரைத்தார். நான்காமவர் பெருமூச்சு விட்டு வெல்லத்தைத் தட்டிப் போட்டார்.

"ஐயா, ரசத்துல வெல்லமா?" என்றான் உய்யவந்தான்.

"பின்ன? ஒண்ணுமே போடாம போனா, 'நீ எதுக்குய்யா தண்டமா இருக்கே'ன்னு அமைச்சர் கேக்க மாட்டாரா?"

என்ன ஆயிற்று என்று பார்க்க உய்யவந்தான் கரண்டியை எடுக்கப் போனான். நான்காமவர் அவன் கையைத் தட்டிவிட்டார். "ஏழு வண்டியும் படிச்சாச்சா? ராஜா ஆணை தெரியுமில்ல?"

"இல்ல. நீங்க படிச்சாச்சா?"

"நான் எதுக்குய்யா படிக்கணும்? நான் அதிகாரி!"

"ஆணையில அதிகாரி நீங்கலாகன்னு இல்லையே. 'எவரும்'னுதானே இருக்கு."

சொன்ன பிறகு அவனுக்கே பயம் வந்துவிட்டது. வாசலில் ஒட்டியிருந்த ஆணையைப் போய்ப் படித்தான். தப்பாகப் படித்துவிட்டோமோ என்று காவலர் தலைவனைக் கூப்பிட்டும் படிக்கச் சொன்னான். "எவரும்" என்றுதான் இருந்தது. ஆணைப்படி காவலர் தலைவன் சொல்ல, அன்று மாலையே ஏழு வண்டிகளும் பக்கத்து மண்டபத்துக்குப் போயின. சுவை அதிகாரிகள் நால்வரும் காவலுடன் படிக்க உட்கார்ந்தார்கள். வண்டிகள் நகர்ந்ததைக் கேள்விப்பட்ட மழவராயர், உய்யவந்தான் தோற்றுப்போய் ஏடுகளைத் திருப்பி அனுப்புகிறான் என்று மகிழ்ந்து, விருந்து வேலையில் மூழ்கிவிட்டார்.

மறுநாள் மன்னர் முகம் சுளிக்கவில்லை என்று பரிமாறுபவர் வந்து சொன்னார். "சுளிக்கலையா, இல்ல சாப்பிடவே இல்லையா?" என்று உய்யவந்தான் பதறினான். பௌர்ணமி வரைக்கும் தினமும் அதே பதற்றம்.

விருந்தன்று மன்னர் ஒரு வாய் குடித்து நிமிர்ந்தார். "இது நேற்றைய ரசம் போலவே இருக்கிறதே! முந்தாநாள் ரசம் போலவும் இருக்கிறதே!" அண்டை நாட்டரசர் இன்னொரு கிண்ணம் கேட்டார்.

மழவராயர் எழுந்தார். "அரசே, ரசம் இருக்கட்டும். பயன்பட்ட ஏடு எது? காட்டச் சொல்லுங்கள்."

"ஏழு வண்டியும் பயன்பட்டன, அரசே. ஓர் ஓலைகூட வீணில்லை" என்றான் உய்யவந்தான்.

"பொய்! அத்தனையையும் இவர் படித்திருக்கவே முடியாது!"

"நான் படிக்கவில்லை, கரண்டியைத் தொடவுமில்லை. தினமும் தொட்டுக்கொண்டிருந்த நால்வர்தான் பக்கத்து மண்டபத்தில் படிக்கிறார்கள். அமைச்சர் வேண்டிப் பெற்ற ஆணை அது. அவர்கள் படிக்கும்வரை ரசத்தில் உப்பு விழாது, நீர் விழாது, புளி விழாது, வெல்லமும் விழாது. ஆகவே அடியேன் ஆராய்ந்து கண்டது: இவை மிகவும் பயனுள்ள ஏடுகள். நீளமானவை இன்னும் பயனுள்ளவை."

மன்னருக்கு ரசம் மூக்கில் ஏறும் அளவுக்குச் சிரிப்பு வந்தது. கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி உய்யவந்தானுக்குப் போட்டார். "மழவராயரே, நீரும் ஒரு வண்டி எடுத்துக்கொள்ளும். உய்யவந்தான், இனி மடைப்பள்ளி மேற்பார்வை உன்னுடையது!"

முத்துமாலையோடு மடைப்பள்ளிக்குப் போன மேற்பார்வையாளர், அடுப்பில் கொதித்த ரசத்தை எட்டிப் பார்த்தார். இன்னும் ஒரு சிட்டிகை போட்டால் எடுப்பாக இருக்குமோ? கை தானாக உப்புச் சட்டிக்குப் போயிற்று.

"சாமி, கைய எடுங்க" என்றான் சேந்தன். "ஏழு வண்டியும் படிச்சாச்சா?"

உய்யவந்தான் வீட்டுக்கு வந்து ஓலையை எடுத்தான். நாளைய வேலை: மண்டபத்தில் இருக்கும் நால்வரும் படித்து முடிப்பதற்குள் அவர்களுக்கு வேறு உத்தியோகம் கேட்டு மன்னரைப் பார்க்க வேண்டும். நானும் மடைப்பள்ளிப் பக்கம் போகக் கூடாது.