ஜமீனின் வால் மேல் போட்ட வழக்கு

நாய் ஏன் தன் வாலைத் துரத்துகிறது என்று மற்ற ஊர்களில் யாரும் மண்டையை உடைத்துக்கொள்வதில்லை. "உண்ணி கடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணிக்குப் போய்விடுவார்கள். ஓணாங்குடி அவ்வளவு சோம்பேறி ஊர் இல்லை. அங்கே பஞ்சாயத்தைக் கூட்டினார்கள்.

பஞ்சாயத்தில் ஏழு ஆம்பளைகள். ஏழு பேருக்கும் மீசை உண்டு, அதுதான் தகுதி. தலைவர் வீரபுத்திரன் மீசை எல்லாரையும்விட ஒரு விரல்கடை நீளம். பொம்பளைகள் பேசவேண்டுமானால் கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் யாரும் பார்க்க மாட்டார்கள்.

ஊருக்குச் சட்டம் ஒன்றே ஒன்று. துரத்துகிறவன் பறிகொடுத்தவன், ஓடுகிறவன் திருடன். போன வருஷம் ஒருத்தர் பஸ்ஸைத் துரத்திக்கொண்டு ஓடினார் என்று, பஸ்ஸையே பிடித்து வேப்பமரத்தில் கட்டிப்போட்டவர்கள் இவர்கள்.

சிட்டம்மாளின் முட்டைக்கோழி காணாமல் போனது. மறுநாள் காலையில் அவள் நாய் ஜமீன், வாசலில் வாலைத் துரத்திக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றியது. பஞ்சாயத்துக்காரர் இருளாண்டி அதைப் பார்த்துவிட்டார்.

"திருடன் சிக்கிட்டான் தலைவரே! நாய் துரத்துது, வால் ஓடுது. கோழியை எடுத்தது வாலுதான்!"

ஏழு பேரும் வந்து வட்டமாக நின்று பார்த்தார்கள்.

"ஓடுற ஓட்டத்தைப் பாரு. குத்தம் செய்யாதவன் இப்படி ஓடுவானா?" என்றார் தலைவர்.

சிட்டம்மாள் கையைத் தூக்கினாள். கை வலித்ததும் இறக்கிவிட்டு, பேசியே விட்டாள்.

"மாமா, அதுக்கு உண்ணி கடிக்குது. வேப்பெண்ணெய் தடவினா நின்னுடும்."

"கடிச்சதை நீ பாத்தியா?"

"இல்ல."

"சாட்சி இல்லாத உண்ணி. தள்ளுபடி."

தீர்ப்பு சொன்னார்கள்: திருட்டு வால் ஊருக்குள் இருக்கக் கூடாது. பறிகொடுத்த நாயோ நியாயம் கேட்டு வந்தது, அதை ஊரைவிட்டு அனுப்பக் கூடாது. அதனால் ஜமீனைக் கயிற்றில் கட்டிச் சிட்டம்மாள் கையில் கொடுத்து, ஊர் எல்லைக் கல்லுக்குக் கூட்டிப்போய், உடம்பை ஊருக்குள்ளும் வாலை ஊருக்கு வெளியிலுமாக உட்கார வைத்தார்கள். இருளாண்டி நூல் பிடித்து அளந்து, "சரியா இருக்கு" என்றார்.

ஜமீனுக்கு மறுபடி அரித்தது. சட்டென்று திரும்பியது. வால் ஊருக்குள் வந்துவிட்டது, நாய் வெளியூர் போய்விட்டது.

"பஞ்சாயத்தையே மதிக்கல பாத்தீங்களா!" என்று இன்னொரு பஞ்சாயத்துக்காரர் சடையப்பன் கொதித்தார். "வாதியை வெளிய தள்ளிட்டு இது உள்ள வந்து உக்காந்துக்குது!"

"வெட்டுங்கடா அதை!" என்றார் தலைவர்.

சிட்டம்மாள் வாலுக்குக் குறுக்கே வந்து நின்றாள். "மாமா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வேண்டாம். நாத்து நட்டுட்டு இடுப்பு ஒடிஞ்சு வீட்டுக்கு வரேன். என்னைக் கண்டு சந்தோஷப்படுறது அந்த வால் ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரர் தலையைக்கூட ஆட்ட மாட்டார்."

"திருடனுக்கு வக்காலத்தா? நாயை இறுக்கிப் பிடி புள்ள. கையை விட்டுடாத!"

"கயிறு மாமா?"

"கயிறு கிடக்கட்டும், கையை விடாதன்னா விடாத!"

தலைவர் அரிவாளோடு குனிந்தார். சிட்டம்மாள் அவர் சொன்னபடியே செய்தாள். தன் இடது கையை வலது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கயிற்றை விட்டுவிட்டாள்.

ஜமீனுக்கு அரிவாள் பிடிக்கவில்லை. ஒரே பாய்ச்சல். தலைவர் அரிவாளைப் போட்டுவிட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்.

ஆறு பேரும் ஒரு நிமிஷம் யோசித்தார்கள்.

"நாய் துரத்துது" என்றார் சடையப்பன்.

"தலைவர் ஓடுறார்" என்றார் இருளாண்டி.

"அடப்பாவி! கோழியைத் தின்னது தலைவரா! விடாதே, பிடி!"

பக்கத்திலிருந்த பிள்ளையார் கோயிலைச் சுற்றித் தலைவர், அவர் பின்னால் நாய், நாய்க்குப் பின்னால் ஆறு பேர். மூன்றாம் சுற்றில் ஜமீனுக்கு மூச்சு வாங்கியது. ஒதுங்கி வந்து சிட்டம்மாள் காலடியில் படுத்துவிட்டது. அவள் வேப்பெண்ணெயை எடுத்துவந்து, வால் அடியில் மொச்சைக்கொட்டை மாதிரி ஊறிக்கிடந்த உண்ணிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, நிதானமாகத் தடவினாள்.

கோயிலைச் சுற்றுவது மட்டும் நிற்கவில்லை. தலைவர் ஓடின வேகத்தில் கடைசி ஆளின் முதுகைப் பிடித்துவிடுகிற தூரத்துக்கு வந்துவிட்டார். முன்னால் ஒருத்தன் ஓடுகிறான் என்றால் அவன்தானே திருடன்? "பிடிடா அவனை!" என்று அவரும் துரத்த ஆரம்பித்தார். இப்போது ஏழு பேரும் துரத்தினார்கள், ஏழு பேரும் ஓடினார்கள்.

பத்தாம் சுற்றில் எல்லாரும் நின்று ஆலோசனை செய்தார்கள்.

"பலே திருடன்யா. நாம ஓடினா ஓடுறான், நின்னா நிக்கிறான்."

"எதிர்ப்பக்கமா வந்து மடக்கணும்."

நாலு பேர் வலமாகவும் மூன்று பேர் இடமாகவும் ஓடினார்கள். கோயிலுக்குப் பின்னால் 'மடார்' என்று ஒரு சத்தம். "பிடிச்சுட்டேன்!" என்று ஆறு குரல்.

ஆளுக்கு ஒரு திருடன். பிடித்த பிடியை விட்டால் திருடன் ஓடிவிடுவான் என்று, ஒருத்தர் பிடரியை ஒருத்தர் பிடித்தபடியே மூன்று ஜோடியும் மத்தியானச் சோத்துக்கு வீட்டுக்கு வந்தார்கள். கை காலியில்லாததால் பெண்டாட்டிகள்தான் ஊட்டிவிட்டார்கள்.

மிஞ்சியது தலைவர். ஊரே திருடனைப் பிடித்திருக்க, தலைவர் வெறுங்கையோடு போனால் மீசைக்கு என்ன மரியாதை? நடுத்தெருவில் நின்று யோசித்தார். பிறகு தன் பிடரியைத் தானே பிடித்துக்கொண்டு, "நடடா நாயே, நட" என்று தன்னையே தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

சிட்டம்மாள் வாசலைத் தாண்டும்போது ஜமீன் அவரைப் பார்த்து வாலை ஆட்டியது.

"ஆள் சிக்கிட்டானா மாமா?" என்று கேட்டாள் சிட்டம்மாள்.

"சிக்கிட்டான் புள்ள. ஆனா பொல்லாத பய. நான் பிடியை இறுக்கினா எனக்குல்ல வலிக்குது!"