மூன்று மணி வெயில்

அந்தப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைத் துறைக்குள் நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு பெரிய பலகை இருக்கும். மாணவர்கள் வாங்கிய பரிசு, ஆசிரியர்கள் வாங்கிய விருது, யார் எந்த மாநாட்டில் கட்டுரை வாசித்தார் என்று எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். அதைப் படித்துவிட்டு உள்ளே போகிறவருக்கு, இந்தத் துறையில் ஒரு கோடுகூடக் கோணலாகப் போனதில்லை என்றே தோன்றும். பலகைகளின் குணம் அப்படி.

அந்த வருடம் தர மதிப்பீட்டுக் குழு வருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலை வருகிறார்கள். பழைய பலகையைக் கழற்றிவிட்டுப் புதிதாக எழுதும் பொறுப்பு கோமதிநாயகத்திடம் வந்தது. அவருக்கு நாற்பத்துநாலு வயது, இணைப் பேராசிரியர். இதே துறையில் படித்து இதே துறையில் வேலைக்குச் சேர்ந்தவர். துறைத் தலைவர் ஞானசௌந்தரிதான் அவருக்கு முதல் கோடு போடக் கற்றுக்கொடுத்தவர். ஊருக்கு முன்னால் இருவரும் சக ஆசிரியர்கள். ஆனால் அவர் அறைக்குள் போகும்போது நாயகம் இன்றைக்கும் கதவருகில் ஒரு கணம் நின்றுதான் போவார்.

பலகையின் முதல் வரி எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஏழு வருடங்களுக்கு முன் செண்பகவல்லி என்ற மாணவி, நாயகத்தின் வழிகாட்டலில், கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஆரம்ப சுகாதார நிலையம் வரைந்தாள். அகில இந்தியப் போட்டியில் முதல் பரிசு. அதோடு நிற்காமல் அந்த வரைபடப்படியே கட்டியும் விட்டார்கள். மாணவர் தாளில் போட்டது மண்ணில் எழும்புவது லேசுப்பட்ட காரியமா? நாயகத்தின் பதவி உயர்வு விண்ணப்பத்திலும் அதுதான் முதல் வரி. அந்த வரியை எடுத்துவிட்டால் விண்ணப்பத்தில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை.

மூல வரைபடத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்று திங்கட்கிழமை அதை அலமாரியிலிருந்து எடுத்தார். மேஜையில் விரித்தார். அப்புறம் அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் காலை சுருட்டிய தாளோடு ஞானசௌந்தரியின் அறைக்குப் போனார்.

"மேடம், இதைப் பாருங்க."

ஞானசௌந்தரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். தாளின் கீழே சாலை. நடுவில் கட்டடம். மேல் ஓரத்தில் 'கடல்' என்று அழகான எழுத்து. வடக்கு எது என்று காட்டும் அம்பு வலது மூலையில் இருந்தது. அது நேராகக் கடலைக் காட்டியது.

"அந்த ஊருல கடல் வடக்கயா இருக்கு?" என்றார்.

"கிழக்க, மேடம்."

"அப்ப சாலை?"

"மேற்க." நாயகம் தாளின் கீழ்ப்பக்கத்தைக் காட்டினார். "ஆனா இந்த அம்பை நம்பி, சாலைப் பக்கத்தைத் தெக்குன்னு நெனச்சு வரைஞ்சிருக்கு. தெக்கு வெயில் உச்சியில நிக்கும், காத்தும் வரும்னுதான் நோயாளிங்க உக்கார்ற தாழ்வாரத்தை அந்தப் பக்கம் வச்சோம். கூரையையும் வெளிய நீட்டாம குட்டையா நிறுத்திட்டோம். அது மேற்குப் பக்கம் மேடம். மத்தியானத்துக்கு மேல வெயில் நேரா உள்ள வரும்."

"அம்பு எப்படி மாறிச்சு?"

"சாலை தாளுக்குக் கீழ வந்தாத்தான் பார்வைக்கு நல்லா இருக்கும்னு நான்தான் வரைபடத்தைத் திருப்பி வைக்கச் சொன்னேன். பேரு, அளவெல்லாம் எழுதுற தலைப்புக் கட்டத்தைப் பழைய தாளிலருந்து படியெடுக்கும்போது அதுலருந்த அம்பும் கூடவே வந்துருக்கு." தாளின் ஓரத்தை நீவிவிட்டுக்கொண்டே சொன்னார். "படியெடுத்தது செண்பகவல்லிதான்."

"ம்."

"பரிசு கொடுத்த நடுவர்கள் அஞ்சு பேர். ஒருத்தரும் கவனிக்கல மேடம். ஏழு வருஷமா யாருமே கவனிக்கல."

ஞானசௌந்தரி தாளிலிருந்து நிமிர்ந்தார். நாயகத்தின் சட்டைப் பையில் மெல்லிய பிளேடு ஒன்று தாள் உறையோடு எட்டிப் பார்த்தது. வரைதாளில் மை தவறினால் பிளேடால் சுரண்டி எடுத்துவிட்டு மேலே புதிதாக வரைவது அந்தத் துறையில் முதல் வருடமே பழகுகிற வித்தை.

"பிளேடு எதுக்கு?"

நாயகத்துக்கு முகம் கறுத்துப்போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத் துணிந்தவர்தான், ஆனால் அதைத் தன் ஆசிரியர் கேட்டதும் பொய் வரவில்லை.

"சுரண்டிட்டு அம்பைச் சரியாப் போட்டு மாட்டிடலாமான்னு நெனச்சேன். மனசு கேக்கல. அதான் வந்தேன். நீங்க சொல்லுங்க மேடம். இது சாதனையா, பிழையா? பலகையில போடவா, வேண்டாமா?"

ஞானசௌந்தரி தாளின் அடியில் விரலை வைத்தார். 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் அவருடைய கையெழுத்தே இருந்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

பிறகு அவர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த புகைப்படத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். கட்டி முடித்த பிறகு எடுத்து, துறை மலரில் வந்த படம். வெள்ளைத் தாழ்வாரம், நீளமான சிமெண்டு இருக்கை, நான்கு தூண்கள். ஆள் யாரும் இல்லை.

"தூண்ல இது என்ன?"

நாயகம் குனிந்து பார்த்தார். இரண்டு தூண்களில் உயரத்தில் கயிற்று முடிச்சுகள் தெரிந்தன.

"கயிறு மேடம். பழைய சேலை ஒண்ணைக் குறுக்க கட்டியிருந்தாங்க. படத்துக்கு நல்லா இருக்காதுன்னு அவுக்கச் சொன்னேன்."

"ஏன் கட்டியிருந்தாங்க?"

நாயகம் படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

"கேக்கல மேடம்."

ஞானசௌந்தரி படத்தைத் திரும்பச் சுவரில் மாட்டினார்.

"நாளைக்குப் புதன்கிழமை. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கிளம்புவோம்."

"பலகை?"

"முதல் வரியை விட்டுட்டு மிச்சத்தை எழுது."

புதன்கிழமை காரில் போகும்போது நாயகம் மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே வந்தார். இடம் பார்க்க மாணவர்களைக் கூட்டிப்போனது காலையில். வெயிலுக்கு முன்னால் திரும்பிவிட வேண்டும் என்று பதினோரு மணிக்கே பேருந்தைக் கிளப்பச் சொன்னது அவர்தான். திறப்பு விழா காலை பத்து மணி. கட்டி முடித்த பிறகு நடுவர்கள் வந்து பார்த்ததும் காலை. படம் எடுத்ததும் காலை ஒன்பதரைக்குத்தான், அப்போதுதான் வெளிச்சம் இதமாக இருக்கும். அந்தக் கட்டடத்தைப் பற்றி உலகம் சொன்ன நல்ல வார்த்தை எல்லாம் மத்தியானச் சோற்றுக்கு முன்னால் சொன்னவை. அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்று தடுப்பூசி நாள். ஊசி போட்ட குழந்தையோடு அரை மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும். அதனால் இருக்கை நிறையத் தாய்மார்கள். முதல் தூணிலிருந்து மூன்றாவது தூண் வரை நீலச் சேலை ஒன்று குறுக்கே கட்டியிருந்தது. சேலைக்கு இந்தப் பக்கம் நிழல். அந்தப் பக்கம், நாலாவது தூணுக்குக் கீழே, சிமெண்டு தகித்துக்கொண்டிருந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். ஐம்பது வயதிருக்கும். நாயகத்தைப் பார்த்ததும் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"வாங்க சார்! படம் புடிக்க வந்தியளா? ஒரு நிமிசம் பொறுங்க, இந்தா அவுத்துருதேன்."

"இல்லம்மா, நாங்க..."

நாயகம் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஸ்டூலில் ஏறிவிட்டாள். கை பழகிய வேகத்தில் ஒரு முனையை உருவினாள். சேலை சரிந்து விழுந்தது.

வெயில் இருக்கை முழுக்க விழுந்தது. கடைசியில் இருந்த குழந்தை ஒன்று முகத்தைச் சுளித்துக்கொண்டு வீரிட்டது. அதன் தாய் எழுந்து, வெயிலுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, தன் நிழலில் குழந்தையை வைத்துக்கொண்டாள். மற்றவர்களும் ஒருவர் பின் ஒருவராக அப்படியே திரும்பி நின்றார்கள். பெரியவர்கள் வந்தால் இப்படித்தான் என்று அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது.

நாயகத்துக்கு அங்கேயே பூமி பிளந்து தன்னை விழுங்கினால் தேவலை என்று இருந்தது.

"அவுக்காதீங்கம்மா," என்றார். "கட்டுங்க. கட்டிடுங்க."

"படத்துக்கு அசிங்கமா இருக்குன்னு போன தடவ நீங்கதான சார் சொன்னிய?" அந்தப் பெண் குழம்பிப்போய்க் கேட்டாள். அதில் குத்தல் எதுவும் இல்லை. அதுதான் கொடுமை.

"நான்தான் சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேன்."

அவரே சேலை முனையை எடுத்துத் தூணில் கட்டப் பார்த்தார். முடிச்சு வழுக்கியது. இன்னொரு முடிச்சுப் போட்டார். அதுவும் நழுவியது. பெரிய பெரிய விட்டங்கள் எவ்வளவு பாரம் தாங்கும் என்று வகுப்பில் பாடம் எடுக்கிற கை அது.

"கொண்டாங்க சார்," என்று அவள் வாங்கிக்கொண்டாள். "அவசரத்துல இழுத்ததுல இந்தப் பக்கத்து முடிச்சு இறுகிப்போச்சு. கத்தி கித்தி வச்சிருக்கியளா?"

நாயகம் சட்டைப் பையிலிருந்த பிளேடை எடுத்துக் கொடுத்தார். அவள் பழைய முடிச்சை அறுத்து எறிந்துவிட்டுப் புதிதாகக் கட்டினாள்.

ஞானசௌந்தரி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். சேலைக்கு மேலே ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தது. கீழேயும் அப்படியே.

"மேல ஏன்மா விட்டிருக்கீங்க? முழுசா மூடிடலாமே?"

"மூடுனா புழுங்கிச் செத்துரும் மேடம், பச்சப் புள்ளைய. காத்து வந்து போவணும்லா."

"கடைசித் தூண் வரைக்கும் ஏன் கட்டல?"

"சேல எட்டாது மேடம். மூணு மணிக்கு இந்த மூணு தூணு. நாலு மணிக்கு வெயிலு சரிஞ்சு மூஞ்சிக்கு வரும். அப்ப இன்னும் கீழ தாத்திக் கட்டுவேன். சித்திரையில ஒரு மாதிரி, மார்கழியில ஒரு மாதிரி. தெனமும் பாக்குறதுதான."

"யார் சொல்லிக் குடுத்தா?"

"இதுக்கு யாரு சொல்லிக் குடுக்கணும்?" என்று சிரித்துவிட்டு அவள் விளக்குமாற்றை எடுக்கப் போனாள்.

தாய்மார்கள் திரும்ப உட்கார்ந்தார்கள். அழுத குழந்தை தேம்பித் தேம்பி அடங்கியது. ஞானசௌந்தரி போய், சேலை எட்டாத நாலாவது தூணுக்குக் கீழே, வெயிலில் உட்கார்ந்தார். நாயகமும் பக்கத்தில் உட்கார்ந்தார். சிமெண்டு சுட்டது. இருவரும் எழுந்திருக்கவில்லை.

கால் முட்டி வரை இருந்த வெயில் மடிக்கு வந்தது. நாயகம் அதைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"வெள்ளிக்கிழமை குழுகிட்டச் சொல்லிடுறேன் மேடம். என் தப்புன்னு."

"கையெழுத்து என்னோடது. நம்ம தப்புன்னு சொல்லு."

"செண்பகவல்லி பேரை இழுக்கமாட்டேன்."

"ம்."

"இங்க ஒரு மறைப்பு போடறதுக்கு நாளைக்கே வரைஞ்சு கொண்டாறேன்."

"வரைஞ்சு முடிச்சதும் எங்கிட்டக் காட்ட வேண்டாம். அந்தம்மாகிட்டக் காட்டு."

நாயகம் தலையாட்டினார். வெயில் நெஞ்சுக்கு ஏறியிருந்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"மேடம், பலகையில முதல் வரி இன்னும் காலியாத்தான் கிடக்கு. அங்க என்ன எழுதட்டும்?"

ஞானசௌந்தரி சேலையைப் பார்த்தார்.

"இந்தக் கட்டடத்துல இத்தனை வருஷமா திசை தெரிஞ்ச ஆள் ஒருத்தங்கதான் இருந்திருக்காங்க, நாயகம். போய் அவங்க பேரைக் கேட்டுட்டு வா."