ஆலா ஏன் தலையில் கொத்துகிறது

அந்தக் காலத்தில் பறவை சொன்னால் மனிதனுக்குப் புரியும். மனிதன் சொன்னால் பறவை நம்பும். இப்போது இரண்டும் இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்டால், வடகடலில் ஹால்வர் என்பவன் செய்த காரியத்தைத்தான் சொல்ல வேண்டும்.

ஹால்வர் பெரிய கடலோடி. காற்றைப் பார்த்துப் பாய் விரிப்பதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மூக்கின் மேல் கோபம். ஒரு சண்டையில் ஊர்த்தலைவரின் மகனை அடித்துப் போட்டான். ஊர் அவனைத் துரத்திவிட்டது. மனைவி ஆஸ்தாவையும், தன்னை நம்பி வந்த சில குடும்பங்களையும் ஒரே கப்பலில் ஏற்றிக்கொண்டு, யாரும் காணாத நிலத்தைத் தேடி மேற்கே கிளம்பினான்.

கப்பலின் முன்முனையில் வாய் பிளந்து பல்லைக் காட்டும் டிராகன் தலை ஒன்று நின்றது. அவர்களுக்கு அது வெறும் மரமல்ல. எவன் கப்பலின் டிராகன் ஒரு கரையை முதலில் பார்க்கிறதோ, அந்தக் கரை அவனுக்கே சொந்தம் என்று வடகடல்காரர்கள் உறுதியாக நம்பினார்கள்.

நடுக்கடலில் ஆஸ்தாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதன் பிறகு மூடுபனி இறங்கியது. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்றே தெரியவில்லை. காற்றும் நின்றுபோயிற்று. பீப்பாயில் குடிநீர் தீர்ந்தது, ஆஸ்தாவுக்குப் பால் வற்றியது. முதலில் வீறிட்டு அழுத குழந்தை பிறகு முனகியது, பிறகு முனகவும் இல்லை. துடுப்புப் போட்டவர்கள் அவள் இருந்த பக்கம் பார்ப்பதையே விட்டுவிட்டார்கள்.

அப்போதுதான் ஓர் ஆலா வந்தது. வெள்ளை உடல், கறுப்புக் குல்லாய் போட்டது போன்ற தலை, சிவந்த அலகு, அலகில் ஒரு சிறு மீன். பாய்மரத்தின் உச்சியில் உட்கார்ந்து மீனைக் காலால் அழுத்திக்கொண்டது.

"ஆலாவே, கரை எங்கே இருக்கிறது?" என்று ஆஸ்தா கேட்டாள். "என் பிள்ளை என் கையிலேயே போய்க்கொண்டிருக்கிறாள்."

ஆலா குழந்தையைப் பார்த்தது. "கரை பக்கத்தில்தான். ஆனால் வழி முழுக்க நீருக்கடியில் பாறை. நான் கூவிக்கொண்டே முன்னால் பறக்கிறேன். குரலை விட்டு விலகாமல் வாருங்கள். ஆனால் ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் குஞ்சுகள் அந்தக் கரையில் வெறும் மணலில் கிடக்கின்றன. என் குஞ்சும் அங்கேதான். இந்தப் பயங்கர மூஞ்சியைக் கண்டால் எங்கள் கூட்டம் மொத்தமும் அரண்டு எழும்பிவிடும். மேலே கடற்கழுகு அதற்காகவே வட்டமிடுகிறது. கரை தெரிவதற்கு முன்னால் இந்தத் தலையை இறக்கிவிடுங்கள்."

"இறக்கிவிடுகிறேன். என் மகள்மேல் ஆணை," என்றான் ஹால்வர்.

ஆலா தன் குஞ்சுக்குக் கொண்டுபோன மீனை ஆஸ்தாவின் மடியில் போட்டுவிட்டுப் பறந்தது.

கப்பல் மெல்ல நகர்ந்தது. சுக்கான் பிடித்திருந்த ஒட்டார் என்ற முதியவர், குரல் வரும் பக்கமாகவே முகத்தை வைத்துக்கொண்டார். ஒரு தடவை துடுப்பின் நுனி பாறையில் உரசியது. ஆலா இடப்பக்கம் கூவியது. ஒட்டார் இடப்பக்கம் திருப்பினார்.

பனி வெளுக்கத் தொடங்கியது. ஹால்வர் சுத்தியலோடு முன்முனைக்குப் போனான். டிராகன் தலையைப் பிடித்திருந்த ஆப்பைத் தட்டக் கை ஓங்கினான். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"இறக்கு, ஹால்வர்!" என்றாள் ஆஸ்தா.

"இறக்கிவிட்டால் இந்தக் கரை யாருடையது? நாளைக்கு இன்னொருவன் வந்து, என் டிராகன்தான் முதலில் பார்த்தது என்பான். மறுபடியும் நம்மைத் துரத்துவான். இது ஒரு பார்வை பார்த்துவிடட்டும், உடனே இறக்கிவிடுகிறேன்."

"நீ யார்மேல் ஆணையிட்டாய்?"

"கொஞ்ச நேரம்தானே, ஆஸ்தா. அதற்குள் என்ன ஆகிவிடும்?"

எல்லாம் ஆகிவிட்டது. பனி சட்டென்று விலகியது. கறுத்த குன்று, சாம்பல் நிற மணல், குன்றிலிருந்து விழும் ஓடை, எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தன. டிராகனும் கரைக்குத் தெரிந்தது. மணலில் இருந்த அத்தனை ஆலாக்களும் ஒன்றாக எழும்பின. வானம் முழுக்க அலறல்.

"தலைவரே, வழிகாட்டும் குரல் கேட்கவில்லை!" என்று ஒட்டார் கத்தினார். "எந்தப் பக்கம் திருப்புவது?"

பாறை கப்பலின் வயிற்றைக் கிழித்தது. பலகை உடைந்து கடல் உள்ளே பாய்ந்தது. ஆஸ்தா குழந்தையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மேலே ஆலா பார்த்தது. கடற்கழுகு வட்டத்தைச் சுருக்கி மணலை நோக்கி இறங்கிக்கொண்டிருந்தது. அங்கே தன் குஞ்சு, இங்கே இன்னொருத்தியின் குஞ்சு. கரையை நோக்கித் திரும்பியது. பாதி தூரம் போனது. பிறகு திரும்பி வந்தது. எப்படித்தான் அதற்கு மனம் வந்ததோ! ஒட்டாரின் கன்னத்தில் சிறகு படும்படி தாழப் பறந்து, குரல் கேட்காதவருக்குக் கண்ணால் வழி காட்டியது. பாறைக்கும் பாறைக்கும் நடுவே புகுந்து கப்பல் மணலில் மோதி நின்றது.

ஹால்வர் குதித்து ஓடி, தொப்பியில் ஓடைத் தண்ணீர் மொண்டுவந்து குழந்தையின் உதட்டை நனைத்தான். அது விழுங்கியது. இன்னும் கொஞ்சம் விழுங்கியது. பிறகு அழுதது. கப்பலில் வந்த அத்தனை பேரும் அழுதுகொண்டே சிரித்தார்கள். ஆஸ்தா சிரிக்கவில்லை. அவள் ஆலாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மணலில் ஒரு சிறு பள்ளம். அதன் ஓரத்தில் மெல்லிய தூவிகள் மட்டும் ஒட்டியிருந்தன. ஆலா அதைச் சுற்றிச் சுற்றி நடந்தது.

ஹால்வர் பக்கத்தில் போனான். "ஆலாவே, தப்பு என்னுடையதுதான். என்ன வேண்டுமோ கேள், தருகிறேன்."

"உன் குஞ்சை நான் கொண்டுவந்து சேர்த்துவிட்டேன்," என்றது ஆலா. பறவை மனிதனிடம் பேசிய கடைசிப் பேச்சு அது. மறு நொடி மேலே எழும்பி, நேராக அவன் தலையில் பாய்ந்து கொத்தியது. இரத்தம் நெற்றியில் வழிந்தது. அவன் கையைத் தூக்கித் தடுக்கவில்லை.

ஆஸ்தா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஹால்வர் கீழே போட்ட சுத்தியலை எடுத்து ஆப்பைத் தட்டினாள். டிராகன் முகம் குப்புற மணலில் விழுந்தது.

ஹால்வர் ஆசைப்பட்டபடி அந்த நிலம் அவனுக்கே ஆயிற்று. யாரும் அவனைத் துரத்த வரவில்லை. ஆனால் அந்தக் கரையில் சாகும்வரை, ஆலாக்கள் குஞ்சு பொரிக்க வரும் ஒரு கோடையில்கூட அவன் நிமிர்ந்து நடக்கவில்லை.

அன்று முதல்தான் வடகடல் மாலுமிகள் கரை கண்ணில் படுவதற்கு முன்பே டிராகன் தலையைக் கழற்றிக் கீழே வைத்தார்கள். ஆலாவோ, தன் குஞ்சு கிடக்கும் மணலில் யார் கால் வைத்தாலும், கைக்குழந்தையோடு வருகிறவளே ஆனாலும், ஒரு வார்த்தை பேசாமல் தலையைப் பார்த்துப் பாய்கிறது.