வேலுத்தாயின் பண்ணரிவாள்

பால்வண்ணனுக்கு அன்று கண்மண் தெரியாத கோபம். நாற்பத்தாறு வயதில் அரசாங்க வேலையை உதறிவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தவர் அவர். தன்னைவிடப் பத்து வயது இளையவரான பேராசிரியை எஸ்தரிடம் மாணவராகச் சேர்ந்திருந்தார். அந்த எஸ்தர் அவருடைய அறிக்கையை மூன்றாவது முறையாகக் கையெழுத்துப் போடாமல் திருப்பிவிட்டார்.

கரிசல் காட்டில் ஒரு சாயப்பட்டறை கழிவுநீரைத் தேக்கக் குளம் வெட்டப் போகிறது. அந்தக் கழிவு மண்ணுக்குள் இறங்கி, இருபதடி ஆழத்து ஊற்றைத் தொட எத்தனை வருஷமாகும் என்பதுதான் கேள்வி. பால்வண்ணனின் கணினி முப்பத்திரண்டு என்றது. அந்த எண்ணை நம்பி, வியாழக்கிழமை நடக்கும் இரண்டாவது கூட்டத்தில் அதிகாரிகள் அனுமதி கொடுத்துவிடுவார்கள். குளத்துக்குப் பக்கத்திலேயே வேலுத்தாயின் கிணறு. ஊரே குடிப்பது அந்தத் தண்ணீரைத்தான்.

ஊர்க்காரர்களிடம் கருத்துக் கேட்ட முதல் கூட்டத்தில் வேலுத்தாய் எழுந்து நின்றார். "எங்க புஞ்சை சித்திரையில வெடிச்சுக் கெடக்கும் சார். போன வருசம் கதிரறுக்கிற என் பண்ணருவா உள்ள விழுந்துச்சு. கம்பு விட்டுத் துழாவியும் ஆப்புடல."

"உக்காரும்மா. இது அருவாக் கதை பேசுற எடமில்ல," என்றார் பால்வண்ணன். கூட்டம் சிரித்தது. அவருக்கும் அப்போது அது பிடித்திருந்தது.

இப்போது எஸ்தரின் மேசைமேல் அறிக்கையைப் பொத்தென்று போட்டார்.

"எந்தச் சமன்பாடு தப்புன்னு சொல்லுங்க மேடம்."

"ஒண்ணும் தப்பில்ல. மண்ணை எப்ப எடுத்தீங்க?"

"தை மாசம். ஈரமா, பதமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"காய வச்சேன். இடிச்சேன். சலிச்சேன். குழாய்ல அடைச்சுத் தண்ணி விட்டேன்."

"சல்லடையில நின்னதை?"

"கொட்டிட்டேன். எல்லாரும் கொட்டுறதுதானே?"

எஸ்தரின் முகம் சிவந்திருந்ததைப் பால்வண்ணன் அப்போதுதான் கவனித்தார். தன் கோபம் பெரிதென்று நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது கொஞ்சம் உறைத்தது.

மறுநாள் அவரை வேலுத்தாயின் புஞ்சைக்கே அழைத்துப் போனார் எஸ்தர். சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கோடை உழவு ஓட்டியிருந்ததால் மேல்மண் பொலபொலவென்று ஒரே சமமாகக் கிடந்தது. எங்கேயும் வெடிப்பில்லையே என்று பால்வண்ணன் குத்திக் காட்டினார். எஸ்தர் வேலுத்தாயை அழைத்து, அரிவாள் விழுந்த இடத்தைக் கேட்டார். வேலுத்தாய் வேப்பமரத்திலிருந்து காலடி வைத்து எண்ணிக்கொண்டு வந்து ஓரிடத்தில் நின்றார். பால்வண்ணன் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த இடத்தில் ஆறு குடம் நீலச்சாயத் தண்ணீரை ஊற்றச் சொன்னார் எஸ்தர்.

அடுத்த நாள் காலை அங்கே குழி வெட்டினார்கள். பால்வண்ணனின் கணக்குப்படி நீலம் ஒரு சாணைத் தாண்டியிருக்கக் கூடாது. அவரே மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டினார். பக்கத்து மண்ணெல்லாம் மாவாக உலர்ந்திருக்க, ஒரே ஒரு நீலக் கோடு மட்டும் கீழே போய்க்கொண்டே இருந்தது. இடுப்பளவு ஆழம் வந்தது, நீலம் நிற்கவில்லை. மார்பளவிலும் நிற்கவில்லை. மண்வெட்டி எதிலோ பட்டுக் கணீரென்றது.

துருவேறிய பண்ணரிவாள். அதன் வளைவெல்லாம் நீலம். அதற்குக் கீழேயும் கோடு இறங்கிப் போயிருந்தது.

குழிக்குள் நின்றபடியே பால்வண்ணன் கத்தினார். "ஈரத்துல மூடிக்கிட்டு, இடிச்சுச் சலிச்சா காணாமப்போற இந்தப் பாழாப்போன வெடிப்பு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட யார் சொன்னா?"

சொல்லி முடித்ததும் அவருக்கே அந்த முதல் கூட்டம் நினைவுக்கு வந்தது. வேலுத்தாய் வரப்பில் நின்று அரிவாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எஸ்தர் குழியின் விளிம்பில் குனிந்தார்.

"அதை அவங்க கையில கொடுங்க. வியாழக்கிழமை அவங்க நின்னு பேசட்டும். நீங்க உக்காந்து எழுதுங்க."