கோமளத்தின் ஓய்வு

மலையடிவார மடத்தில் தைலம் காய்ச்சும் இருவருள் கோமளம் சென்ற தைப்பூசத்தன்று ஓய்வு பெற்றாள். ஐம்பது வயது கடந்தவர்கள் அன்று தைலம் கிண்டும் தம் துடுப்பைக் குருவின் காலடியில் வைத்துவிட்டால் போதும். அதன்பின் அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்க வேண்டியதில்லை.

அன்றிலிருந்து உருளியின் முன் தையல்நாயகி தனியாக நின்றாள். அவளுக்குள் இன்னோர் அடுப்பும் எரிந்தது. கோமளத்தின் மூட்டுவலி போன இடம் தெரியவில்லை. கன்னம் வேறு உப்பியிருந்தது. அந்தக் கன்னத்தைத்தான் தையல்நாயகியால் மன்னிக்க முடியவில்லை.

மறு தைப்பூசம் வந்தபோது தையல்நாயகிக்கும் ஐம்பது கடந்திருந்தது. இன்று தவறவிட்டால் இன்னும் ஓராண்டு காத்திருக்க வேண்டும். மடத்தின் குரு உமையாள், தையல்நாயகியைவிட வயதில் இளையவள், உருளியருகே வந்து நின்றாள்.

“தாயே, ஒரு சந்தேகம். சீக்கிரமே வேலையை விட்டவர்களுக்கு ஆயுள் கூடுமா, குறையுமா?”

“சிலருக்குக் கூடும். சிலருக்குக் குறையும்.”

“சும்மா உட்கார்ந்தால் உடம்பு துருப்பிடித்துவிடும் என்கிறார்களே?” கேட்ட குரலில் ஆசை இருந்தது.

“யாருடைய உடம்பு, அக்கா?”

“பொதுவாகத்தான் கேட்டேன்.”

“கோமளம் நன்றாகத் தூங்குகிறாளா?”

“அவளுக்கென்ன? வெயில் ஏறிய பிறகுதான் கதவே திறக்கிறது. நேற்று ஒருமுறை இருமினாள். அதோடு சரி.”

“சாப்பாடு?”

“கூழை மூன்றாம் முறையும் கேட்டு வாங்கிக் குடித்தாள். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா?”

“இப்போது என்ன செய்கிறாள்?”

“ஓடையில் காலை நனைத்துக்கொண்டு மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறாள். இதோ, இங்கிருந்தே தெரிகிறதே!”

“தைலம் என்ன பதம்?”

தையல்நாயகி திடுக்கிட்டுத் திரும்பினாள். உருளியிலிருந்து கருகல் வாடை எழுந்தது. மூலிகை அடிப்பிடித்துக் கரியாகியிருந்தது. அவள் கையில் அதுவரை ஒரு தைலமும் கருகியதில்லை.

விறகை வெளியே இழுத்தாள். துடுப்பைத் துடைத்துக் குருவின் காலடியில் வைத்தாள்.

“எனக்கும் ஓய்வு கொடுங்கள், தாயே. இந்த வேலை என்னைக் கொன்றுவிடும்.”

“எந்த வேலை?”

உமையாள் குனிந்து துடுப்பை எடுத்து, மறுபடியும் தையல்நாயகியின் கையில் கொடுத்தாள்.

“இதை வைத்துக்கொள்ளுங்கள், அக்கா. கோமளத்தை இங்கே இறக்கி வைத்துவிடுங்கள்.”