காத்திருக்கும் உத்தரவு

"அனுப்பின உத்தரவைத் திரும்ப எடுக்க வழி இருக்குங்களா, மேடம்?"

நாச்சிமுத்து கேட்டார். உட்காரவில்லை.

அமலோற்பவம் கம்ப்யூட்டரிலிருந்து திரும்பவில்லை. "எந்த உத்தரவு?"

"அழிக்கச் சொல்றது."

"இல்லை."

கோயமுத்தூரில் லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி. மெக்கானிக்குகளுக்குக் கம்பெனியே போன் கொடுக்கும். போன் கெட்டால் இந்த அறைக்கு வரும். ஆள் வேலையை விட்டாலும் போன் இந்த அறைக்கு வரும். வராவிட்டால், இங்கே உட்கார்ந்தபடியே அதில் இருப்பதை அழிக்கலாம். கம்பெனி விஷயம் வெளியே போகக் கூடாதாம்.

அறைக்கு அமலோற்பவம்தான் தலைவி. நாற்பது வயது. நாச்சிமுத்து ஐம்பதைத் தாண்டியவர். ஸ்டோரில் இருந்தவரை இங்கே தள்ளிவிட்டார்கள். தன்னைவிடச் சின்னவளிடம் வேலை கற்றார். அவள் அண்ணா என்பாள். அவர் மேடம் என்பார்.

அவள் கற்றுக்கொடுப்பதில் பேச்சு அதிகம் கிடையாது.

அவர் வந்த புதிதில் ஒரு மெக்கானிக் கூப்பிட்டான். போன் சுத்தமா வேலை செய்யலை என்றான்.

"எந்தப் போன்லப்பா பேசறே?"

"இதே போன்லதானுங்க."

நாச்சிமுத்து விழுந்து விழுந்து சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

"அவனுக்கு என்ன வேணும்னு கேளுங்கண்ணா."

அவ்வளவுதான் பாடம்.

இப்போது கேட்டாள். "யாருக்கு அனுப்புனீங்க?"

"மயில்சாமி. போன மாசம் வண்டியில போறப்பவே நெஞ்சு வலி வந்து செத்துப்போனானே, அந்தப் பையன்."

"செத்துட்டான்னு தெரிஞ்சா அனுப்புனீங்க?"

"பணியில் இல்லைன்னு மேலேயிருந்து வந்துச்சு. வேலையை விட்டவனுக்கும் அப்படித்தான் வருது. செத்தவனுக்கும் அப்படித்தான் வருது. அழுத்திட்டேன்."

"விசாரிக்கலை."

"விசாரிக்கலைங்க."

போன் அப்போது அணைந்து கிடந்தது. அணைந்த போனுக்குள் உத்தரவு போகாது. காத்திருக்கும். என்றைக்கு யார் ஆன் செய்தாலும் சரி, நெட் கிடைத்த நொடியில் உள்ளே போய் எல்லாவற்றையும் துடைத்துவிடும்.

"இப்ப என்ன வந்துச்சு?"

"அவன் சம்சாரம் நேத்து கூப்பிட்டுச்சு. போனோட லாக் தெரியலையாம். உள்ளே பாப்பா போட்டோ இருக்குதாம்."

"ஆபீஸ் போன்ல சொந்தப் படம் வெக்கக் கூடாதே."

"எவன் கேக்கறான்? அவனோட போன் உடைஞ்சதுல இருந்து எல்லாம் இதுலதான். பாப்பாவைத் தூக்கிட்டு அவன் நிக்கற படம் வேற எங்கேயும் இல்லையாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

நாச்சிமுத்து உட்கார்ந்தார்.

"சார்ஜ் போட்டு ஆன் பண்ணி வைம்மா, லாக்கை இங்கேயிருந்தே எடுத்துத் தர்றேன்னுட்டேன்."

அவள் திரும்பினாள்.

"காலையிலதான் பாத்தேன், மேடம். நான் அனுப்புனது அப்படியே நிக்குது. கூப்பிட்டேன், கூப்பிட்டேன், யாரும் எடுக்கலை."

நாச்சிமுத்துவே வழி தேடினார்.

"சிம்மைக் கழட்டிட்டு ஆன் பண்ணச் சொன்னா?"

"லாக் கேட்கும்."

"எதையாச்சும் போட்டுப் பாத்தா?"

"நிறையத் தப்பாப் போட்டா அதுவே அழிச்சுக்கும். நாமதான் அப்படி வெச்சிருக்கோம்."

"லாக்கை இங்கேயிருந்து எடுத்தா?"

"அதுக்கு நெட் வேணும். நெட் வந்தா முதல்ல போறது உங்க உத்தரவு."

"வேற எங்கேயாச்சும் காப்பி இருக்காதுங்களா?"

"வெளியே எதுவும் போகாமப் பூட்டினதும் நாமதானே."

நாச்சிமுத்து கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார்.

"போன் கெட்டுப்போச்சுன்னு சொல்லிடலாமுங்களா?"

"சொல்லலாம். ரிப்பேர்க் கடைக்குக் கொண்டுபோவா. அவன் ஆன் பண்ணுவான்."

"அப்ப நீங்க பேசுங்க, மேடம். எனக்கு வாய் வராது."

அவள் ஹெல்மெட்டை எடுத்தாள்.

"வண்டியை நான் ஓட்டறேன். வாய் உங்களோடது."

மாடி வீடு. கதவு திறந்து கிடந்தது.

மயில்சாமியின் மனைவி தாரணி தரையில் உட்கார்ந்து குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். சின்னப் பெண். சுவரோரம் போன், சார்ஜரில் மாட்டிக் கிடந்தது. திரையில் பேட்டரிக் குறி மட்டும் தெரிந்தது.

"ஆபீஸ்ல இருந்து வர்றோம்மா. நேத்துப் பேசுனது நான்தான்," என்றார் நாச்சிமுத்து. மூச்சு வாங்கியது. "ஆன் பண்ணிட்டியா?"

"இல்லீங்கண்ணா. அத்தை பஸ்ல வந்துட்டு இருக்காங்க. பையன் முகத்தை அவங்களும் பாக்கணும்னாங்க. வரட்டும்னு வெச்சிருக்கேன்."

நாச்சிமுத்து அமலோற்பவத்தைப் பார்த்தார். அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சொன்னார். உத்தரவு என்றார், லாக் என்றார், நெட் என்றார். நடுவில் குழறியது. மறுபடி முதலிலிருந்து சொன்னார். கடைசியில், "அழுத்துனது நான்தாம்மா," என்றார்.

தாரணி திட்டுவாள் என்று நின்றார். அவள் திட்டவில்லை. கையில் இருந்த கவளத்தைத் தட்டில் வைத்தாள்.

"அழிஞ்சிருச்சுங்களா?"

"இன்னும் இல்லை."

"ஆன் பண்ணா?"

"போயிரும்."

"பண்ணாட்டி?"

அமலோற்பவம் அங்கே வந்து அப்போதுதான் வாய் திறந்தாள்.

"உள்ளேயே இருக்கும்."

"பாப்பாவைத் தூக்கிட்டு நிக்கறதும்?"

"அதுவும்."

"பாக்க முடியாது."

"முடியாது."

குழந்தை தட்டில் கையை விட்டு அளைந்தது. யாரும் தடுக்கவில்லை.

"போனைக் கொண்டுபோயிருவீங்களா, அக்கா?"

"தொலைஞ்சுபோச்சுன்னு எழுதிக்கறேன்."

தெருமுனையில் பஸ் நின்றது. நடத்துனர் விசில் கேட்டது.

தாரணி எச்சில் கையைப் புடவையில் துடைத்தாள். எழுந்து போய்ச் சார்ஜரைப் பிடுங்கினாள். வயரை நிதானமாகச் சுற்றினாள். நாச்சிமுத்துவின் கையில் வைத்தாள்.

"கீழ் வீட்டுல வாங்குனது. கொடுத்துட்டுப் போயிருங்க."

அவர் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படியில அத்தை வருவாங்க. கேட்டாங்கன்னா, சார்ஜர் பின் சேரலைன்னு சொல்லிடுங்கண்ணா."