கெர்னலுக்கு நேந்துவிட்ட கிடா

அசடுகள் ஊருக்கு ஒருவராகச் சிதறிக் கிடப்பதுதான் உலக வழக்கம். நாலு பேரைத் தேடிப் பிடித்து, ஒரே ஏசி அறைக்குள் உட்கார வைத்து, கழுத்தில் அடையாள அட்டையும் மாட்டிவிட்ட பெருமை ஈரோட்டில் ஒரு கம்பெனிக்கு உண்டு. நாலு பேருக்கும் தலைவர் மாசிலாமணி. தலைவரானதற்குக் காரணம் தன் அறிவு என்று அவர் நினைத்திருந்தார். காரணம் மாமனார்.

மாமனார் பொன்னுரங்கம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைக்காரர். மருமகனுக்குக் கம்பெனி வைத்துக் கொடுத்த அன்றே ஒரு பேச்சும் பேசி வைத்திருந்தார்.

"மாப்ளே, முட்டை பொரிக்கிற பெட்டிக்கு ஒரு கம்ப்யூட்டர் செஞ்சு குடுங்க. குஞ்சு வெளிய வந்தா நீங்க எஞ்சினியர். வரலைன்னா, பண்ணையில எரு அள்ள ஆள் பத்தலை. வந்துருங்க."

கோழி எருவின் வாடை கனவில் வந்தாலே மாசிலாமணிக்குத் தும்மல் எடுக்கும். ஆகவே நாலு பேரும் உயிரைக் கொடுத்து வேலை செய்தார்கள். கொடுப்பதற்கு அவர்களிடம் வேறொன்றும் இல்லை.

பெட்டிக்குள் இருந்த போர்டில் நாலு புரோகிராம்கள். நல்லசிவம் எழுதியது ஹீட்டரைப் போட்டும் அணைத்தும் முட்டையைக் கதகதப்பாக வைக்கும். பரஞ்சோதி எழுதியது, ஹீட்டர் புரோகிராம் கடைசியாகச் சொன்ன சூட்டின் அளவைத் திரையில் காட்டும். பக்கத்தில் ஒரு கோழி ஓயாமல் நடந்துகொண்டிருக்கும். கோகிலவாணி எழுதியது உள்ளே எது நடந்தாலும் பண்ணை முதலாளியின் செல்லுக்கும் நாலு பேர் செல்லுக்கும் செய்தி அனுப்பும். மாசிலாமணி எழுதியது, மாசிலாமணியே பாடிய வரவேற்புப் பாட்டைப் போடும். இந்த நாலுக்கும் மெமரியைப் பங்கு பிரித்துக் கொடுக்கும் கணக்குப்பிள்ளைக்குக் கெர்னல் என்று பெயர். எவ்வளவு இருக்கிறது, எப்படிப் பிரிப்பது என்பதை அதற்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சிப் விற்ற பெங்களூர் சேஷகிரி போனில் பொறுமையாகச் சொன்னார். "ஒரே குடும்பத்துல மூணு சிப்பு வருது. பெரியதுல மெமரி அதிகம், சின்னதுல கம்மி. நீங்க வாங்கினது சின்னது. கெர்னல் மூணுக்கும் ஒண்ணுதான். மெமரி அளவை மட்டும் பார்த்துப் போடுங்க."

போனை வைத்ததும் கோகிலவாணி கொதித்தாள். "ஒரே குடும்பம்னு சொல்லிட்டு, சின்னவனுக்கு மட்டும் குறைக்கிறதா? எங்கப்பாவுக்கு இப்படித்தான் தோட்டத்தைக் குடுத்துக் கிணத்தை விட்டுட்டாங்க. இன்னும் கேஸ் நடக்குது."

நியாயமாகப் பட்டது. பெரியவனின் அளவையே சின்னவனுக்கும் போட்டார்கள். கெர்னல், இல்லாத இடத்தில் காலை வைத்து, எழும்போதே குப்புற விழுந்தது.

சேஷகிரி அதைத் திருத்தச் சொல்லிவிட்டு, "அவசரத்துக்குக் கொஞ்சம் மெமரி எப்பவும் காலியா இருக்கட்டும்" என்றார். அவசரம் எவ்வளவு பெரிதாக வரும் என்று யாருக்குத் தெரியும்? ஓரத்தில் ஒரு பொட்டு இடம் நீங்கலாக முழுவதையும் காலியாக வைத்தார்கள். ஒரு புரோகிராமும் ஓடவில்லை.

"இடம் இல்லைங்குதே, யாருப்பா புடிச்சு வெச்சிருக்கறது?" என்றார் மாசிலாமணி.

"யாரும் இல்லைங்க சார். எல்லாம் காலியாத்தான் கிடக்குது" என்றான் பரஞ்சோதி.

"அப்புறம் ஏன் இடம் இல்லை?"

"காலியா வெச்சிருக்கறதாலதானுங்க."

மாசிலாமணி திருப்தியோடு தலையாட்டினார். கம்பெனி ஆரம்பித்த நாள்முதல் சொன்னது சொன்னபடி நடந்த காரியம் அது ஒன்றுதான்.

அடுத்த போனில் சேஷகிரியின் குரல் கட்டியிருந்தது. "கேளுங்க. மெமரி தீர்ந்துபோனா, கெர்னலே ஏதாவது ஒரு புரோகிராமைக் கொன்னு இடம் பண்ணிக்கும். எதைக் கொல்லக் கூடாதுன்னு நீங்க குறிச்சுக் குடுக்கணும். நாலையும் குறிச்சுடாதீங்க. கொல்ல ஒண்ணுமே இல்லைன்னா போர்டு அப்படியே நின்னுரும்."

யாரைக் கொல்வது?

"என் கோழியைத் தொட விடமாட்டேன்" என்றான் பரஞ்சோதி. "அது நடக்கறதை நிறுத்தினா முட்டைங்க மனசு விட்டுரும்."

"செய்தி போகலைன்னா கோழி நடக்குதான்னு முதலாளிக்கு எப்படித் தெரியும்?" என்றாள் கோகிலவாணி.

பாட்டைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. பாடியவர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

மிச்சம் நல்லசிவத்தின் ஹீட்டர். நல்லசிவம் மகளுக்குக் காது குத்தப் பழனிக்குப் போயிருந்தான். வராத ஆளுக்கு மறுப்புச் சொல்ல வழியில்லை.

"ஹீட்டர் செத்துட்டா சூடு?" என்று மாசிலாமணி மெல்லக் கேட்டார். எருவின் வாடை அவர் மூக்கைத் தொட்டுவிட்டுப் போனது.

"சூட்டைத்தான் என் திரை காட்டுதேங்க சார்" என்றான் பரஞ்சோதி.

மூக்கு தெளிந்தது. தீர்மானம் நிறைவேறியது.

முட்டைகளை அடுக்கிய மறுநாள் பொன்னுரங்கம் கூப்பிட்டார். "ஏனுங் மாப்ளே, முட்டையெல்லாம் ஐஸ் பெட்டியில வெச்சாப்ல சில்லுன்னு இருக்குதே?"

"திரையில என்ன போட்டிருக்குதுங்க மாமா?"

"முப்பத்தேழரை."

"அப்ப சூடாத்தான் இருக்குதுங்க. உங்க கைதான் மரத்துப் போயிருக்கும். டாக்டர்கிட்டக் காட்டுங்க."

பொன்னுரங்கம் டாக்டரிடம் போகவில்லை. ஒரு முட்டையை உடைத்துப் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் உடைத்துப் பார்த்தார். "அத்தனையும் கூமுட்டை" என்றார். முட்டைகளைத்தான் சொல்கிறார் என்று மாசிலாமணி எடுத்துக்கொண்டார். "இன்னொரு அடுக்கு வைக்கிறேன். இதுவும் போச்சுன்னா கம்பெனியைப் பூட்டிட்டுக் கூடையோட வந்துருங்க."

நல்லசிவம் மொட்டைத் தலையோடு திரும்பி வந்து, தன் புரோகிராம் தினமும் கொலையாவதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான். மொட்டையில் சத்தம் நன்றாகக் கேட்டது. "நான் இல்லாத நேரம் பார்த்து இப்படிப் பண்ணிட்டீங்களே! என்னுதையும் குறிங்க!"

"உன்னுதையும் குறிச்சுட்டா யாரைக் கொல்றது?"

நல்லசிவம் யோசித்தான். அவன் யோசித்து வந்த யோசனை என்பதால் மற்றவர்களும் பயந்துகொண்டேதான் கேட்டார்கள். "எங்க குலசாமிக்குக் கிடா நேந்துவிடுவோம். அதுக்குன்னு வளர்க்கிறது. கெர்னலுக்கும் அப்படி ஒண்ணு நேந்துவிட்டா?"

ஹீட்டரையும் கொல்லக் கூடாது என்று குறித்துவிட்டு, புதிதாக ஒரு புரோகிராம் எழுதினார்கள். அதற்கு வேலை கிடையாது. மெமரியைத் தின்று கொழுத்து, தட்டுப்பாடு வந்ததும் முதல் ஆளாகச் சாக வேண்டும். செத்ததும் மறுபடி பிறந்து தின்ன வேண்டும். கிடா என்றே பெயர் வைத்தார்கள்.

சொல்லவே வாய் கூசுகிறது: அது வேலை செய்தது. மெமரி தீரும்போதெல்லாம் கிடா செத்தது, ஹீட்டர் பிழைத்தது, முட்டைகள் கதகதப்பாக இருந்தன. "உள்ள உசிரு ஓடுது மாப்ளே, வெளிச்சத்துல வெச்சுப் பார்த்தேன்" என்று பொன்னுரங்கமே போன் செய்தார். மாசிலாமணி வீட்டுக்கு ஜாங்கிரி வாங்கிப் போனார். இன்னும் ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தால் போதும், குஞ்சுகள் வந்துவிடும். அந்த ஒரு வேலைதான் அவர்களுக்கு வராது.

கோகிலவாணியின் புரோகிராம், நடந்ததை நடந்தபடி சொல்லும் ஜாதி. கிடா சாகும்போதெல்லாம் "கிடா இறந்தது" என்று எல்லார் செல்லுக்கும் செய்தி வந்தது. சாப்பிடும்போது வந்தது. பரஞ்சோதியின் நிச்சயதார்த்தத்தில் தட்டு மாற்றும்போது வந்தது. அவன் மனசு கேட்காமல், கோழிக்குப் பக்கத்தில் கிடாவையும் திரையில் வரைந்துவிட்டான். சின்னத் தாடி, பெரிய கண்.

கண் வரைந்ததுதான் தப்பு.

"அது என்ன பாவம் பண்ணிச்சு?" என்று கோகிலவாணி கண்ணைத் துடைத்தாள். "ஒரு நாள் லீவு கேட்டிருக்குமா?"

"காதுகுத்துன்னு கிளம்பிப் போச்சா?" என்றான் பரஞ்சோதி. நல்லசிவம் தலையைக் குனிந்துகொண்டான்.

"அதையும் கொல்லக் கூடாதுன்னு குறிச்சுட்டா என்னங்க சார்?" என்றாள் கோகிலவாணி.

மாசிலாமணி உடனே தலையாட்டப் போனார். ஆனாலும் தலைவர் அல்லவா, ஒரு கேள்வி கேட்டார். "நாலையும் குறிச்சா போர்டு நின்னுரும்னு சேஷகிரி சொன்னாரே?"

"நாலுக்குத்தானே சொன்னார்" என்றான் நல்லசிவம். "இப்ப அஞ்சு இருக்குதுங்களே."

இதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? குறித்தார்கள்.

மெமரி தீர்ந்தது. கெர்னல் ஆள் தேடியது. கை வைக்கும் இடமெல்லாம் கொல்லக் கூடாது என்றிருந்தது. நின்றுவிட்டது. அது நின்ற நேரம் ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அணைக்க வேண்டிய புரோகிராமும் நின்றதால், எரிந்துகொண்டே இருந்தது.

"மாப்ளே," பொன்னுரங்கத்தின் குரல் பயங்கரமான அமைதியோடு வந்தது. "முட்டை வெந்துருச்சு."

"வெந்ததுல குஞ்சு வர எத்தனை நாள் ஆகுமுங்க மாமா?"

நாலு பேரும் வண்டி பிடித்துப் பண்ணைக்கு ஓடினார்கள். திரையில் கோழி ஒரு காலைத் தூக்கியபடியே நின்றது. பக்கத்தில் கிடா. பொன்னுரங்கம் வாசலில் எருக் கூடையோடு காத்திருந்தார். ஆனால் மகளைக் கொடுத்தவர். நடந்ததைக் கேட்டு, மருமகனின் முகத்தைப் பார்த்ததும் கொஞ்சம் இளகிவிட்டார்.

"சரி, போனது போகட்டும். பிளக்கைப் புடுங்குங்க. அந்தக் கிடாவைப் பழையபடி சாகவிட்டு ஓட்டுங்க. இன்னொரு அடுக்கு தர்றேன். எரு அள்ள வேண்டாம்."

மாசிலாமணி பிளக்கைத் தொட்டார். கையை எடுத்துவிட்டார்.

"மாமா, கரண்ட் போனா மெமரியில இருக்கறது பூராவும் அழிஞ்சுருமுங்க."

"அழியட்டும்."

"கிடாவும் மெமரியிலதானுங்க இருக்குது."

மூன்று பேரும் அவரைப் பெருமையோடு பார்த்தார்கள். மாசிலாமணி பிளக்கை இன்னும் ஒரு அழுத்து அழுத்திவிட்டு, மாமனார் கையிலிருந்த கூடையை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு எருக்குழிப் பக்கம் நடந்தார். மூன்று தும்மல் கேட்டது.

பெட்டி இன்றைக்கும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது. பண்ணை ஆட்கள் அதில் முட்டை அவித்துச் சாப்பிடுகிறார்கள். மத்தியானம் எருக் கூடையை இறக்கி வைத்ததும், மாசிலாமணி ஒரு கட்டு அகத்திக்கீரையோடு வந்து திரைக்கு முன்னால் வைக்கிறார். கிடா இதுவரை ஒரு இலையைக்கூடத் தொடவில்லை. யாராவது கேட்டால் அவருக்குக் கோபம் வருகிறது.

"எப்படிங்க திங்கும்? மெமரி பூராவையும் அதுதானே தின்னு வெச்சிருக்குது. செரிக்க வேண்டாமா?"